விசை இல்லாத சிதறல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்னூட்டத்தோடு காந்தப் பாயத்தையும் (ஊடுருவிச் செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவையும்) சுமக்கும் இரு துகள்கள், ஒரு தளத்துக்குள் ஒன்றையொன்று ‘தள்ளிச் சிதறடிக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். மின்விலக்கை ஒதுக்கிவிட்டதாகவும், காந்தப்புலம் முழுக்க மெல்லிய குழாய்க்குள் அடங்கியிருப்பதாகவும் நீங்களே சொல்கிறீர்கள். வெளியே புலம் இல்லை, ஆகவே விசையும் இல்லை. பிறகு எது தள்ளுகிறது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

எதுவும் தள்ளவில்லை. 1959-ல் இயற்பியலாளர்கள் அஹரனோவும் போமும் இதை எழுதியபோதும் பலர் உங்களைப் போலத்தான் மல்லுக்கு நின்றார்கள்.

முதலில் ஒரு குழாய், ஓர் எலக்ட்ரான். எலக்ட்ரானின் அலை குழாயின் இருபுறமும் ஒழுகிப் போகிறது. வெளியே புலம் சுழிதான். ஆனால் அந்தப் புலத்தைக் கணக்கிட உதவும் ‘வெக்டர் பொடென்ஷியல்’ என்ற அளவு சுழியல்ல. அது குழாயைச் சுற்றிச் சுழல்வதால் ஒருபக்க அலையின் கட்டம் (முகடும் பள்ளமும் மாறிவரும் சுற்றில் அலை நிற்கும் நிலை) முந்துகிறது, மறுபக்கத்தது பிந்துகிறது. அப்பால் இரண்டும் சேரும்போது விளிம்புகள் பொருந்துவதில்லை. அந்தப் பொருந்தாமைதான் சிதறலாகத் தெரிகிறது. பாயம் சரியாக ஒரு குவாண்டம் (பாயத்தின் அடிப்படை அலகு) என்றால் வித்தியாசம் ஒரு முழுச் சுற்று. குழாய் இருப்பதே எலக்ட்ரானுக்குத் தெரியாது. அரைக் குவாண்டத்தில்தான் சிதறல் உச்சம். 1986-ல் டோனோமுரா குழுவினர் வளையக் காந்தத்தை மீக்கடத்தியால் (காந்தப்புலத்தைத் தன்னுள் விடாத பொருளால்) மூடி, புலம் வெளியே கசியாமல் இந்தக் கட்ட வித்தியாசத்தைக் காட்டிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. தளத்தில் சிதறல் குறுக்குவெட்டு (எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) என்பது பரப்பு அல்ல, ஒரு நீளம். குழாயின் தடிமனைச் சுழியாக்கிவிட்டால் இந்தக் கணக்கில் மிஞ்சும் ஒரே நீளம் எலக்ட்ரானின் அலைநீளம். அதனால் குறுக்குவெட்டு அலைநீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் இருந்தாக வேண்டும்; கணக்கும் அப்படியே வருகிறது. அலைநீளம் சுருங்கச் சுருங்கச் சிதறலும் மறைகிறது. அலைத்தன்மையே தெரியாத அந்த எல்லைதான் நியூட்டனின் உலகம்; அங்கே நின்று கேட்டால் உங்கள் வாதம் முழுக்கச் சரி.

இரு துகள்களும் பாயம் சுமந்தால், ஒவ்வொன்றும் மற்றதன் குழாயைச் சுற்றுகிறது. முப்பரிமாணத்தில் துகள்களுக்கு இடையே அப்படிச் சுற்றிய பாதையை மேலே தூக்கி அவிழ்த்துவிடலாம். உயரமே இல்லாத தளத்தில் அது முளையில் சுற்றிய கயிறு. இயற்கையின் துகள்களை போசான், ஃபெர்மியான் என்று இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். ஆனால் இங்கே இரண்டையும் இடம் மாற்றினால், அவற்றின் அலையைக் குறிக்கும் அலைச்சார்பு போசான்போல அப்படியே இருக்க வேண்டியதில்லை, ஃபெர்மியான்போலக் குறி மாற வேண்டியதுமில்லை. இடைப்பட்ட எந்தக் கட்டமும் வரலாம். 1977-ல் இயற்பியலாளர்கள் லெய்னாஸும் மிர்ஹைமும் இதைக் கண்டார்கள். 1982-ல் இயற்பியலாளர் வில்செக் இத்தகைய துகளுக்கு ‘எனியான்’ என்று பெயர் வைத்தார். ‘any’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த, ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்ற குறும்பு அந்தப் பெயரிலேயே உண்டு. பின்ன குவாண்டம் ஹால் விளைவில் (மெல்லிய அடுக்கில் அடைபட்ட எலக்ட்ரான்கள் கடுங்குளிரிலும் வலுவான காந்தப்புலத்திலும் காட்டும் நடத்தையில்) எலக்ட்ரானின் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டத்தோடு திரிபவை இத்தகையவைதான். 2020-ல் பாரிஸில் அவற்றின் இரு கற்றைகளைச் சந்திக்கவிட்டு, மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து, அவை ஃபெர்மியான்களைப்போல நடந்துகொள்ளவில்லை என்று காட்டினார்கள்.

‘தள்ளி’ என்ற என் சொல்தான் உங்களை விசையைத் தேட வைத்திருக்கிறது. கட்டுரையிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.