பலகையில் இடமில்லை

கேள்வி: அமெரிக்காவின் ரூட் 66 சாலையோரப் பழைய மோட்டல்களையும் டைனர் என்னும் சிறு சாப்பாட்டுக் கடைகளையும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? (வாசகர், விழுப்புரம்)

பதில்: மோட்டல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வயிறு புரள்கிறது. நம் ஊர் மோட்டலில் படுக்க அறை கிடையாது. நள்ளிரவில் 'பஸ் பத்து நிமிஷம் நிற்கும்' என்று தட்டி எழுப்புவார்கள். ஆறிப்போன பரோட்டா, காதைக் கிழிக்கும் பாட்டு. 'பயணவழி உணவகம்' என்று தமிழ்ப்படுத்தினார்கள், பரோட்டா சூடாகவில்லை.

அசல் மோட்டல் தூங்குவதற்கு. 1925-இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் 'மைல்ஸ்டோன் மோட்டார் ஹோட்டல்' கட்டினார். பெயர் பலகையில் அடங்கவில்லை. மோட்டாரின் வாலையும் ஹோட்டலின் தலையையும் நறுக்கி 'மோ-டெல்' ஆக்கிவிட்டார். எங்கள் லே-அவுட் ஆர்டிஸ்ட் என் தலைப்புகளுக்குச் செய்வதும் இதேதான். ஆனால் அவர் நறுக்கியது எதுவும் அகராதியில் ஏறியதில்லை. 'அமைச்சர் பயணம் ரத்து இல்லை' என்ற தலைப்பில் ஒருமுறை கடைசிச் சொல்லுக்கு இடமில்லை என்று எடுத்துவிட்டார். மறுப்புச் செய்திக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

டைனர் பிறந்ததும் பத்திரிகை ஆபீஸ் வாசலில்தான். 1872-இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்ட்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியை நிறுத்தி, ராத்திரி ஷிப்ட்காரர்களுக்குச் சாப்பாடு விற்றார். இங்கே ராத்திரி பத்துக்கு மேல் டீகூட இல்லை. நிர்வாகம் கவனிக்க.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரூட் 66, சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை 1926-இல் வந்தது. அப்புறம் போட்ட இன்டர்ஸ்டேட் சாலைகள், அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் அதிவேகச் சாலைகள், ஊர்களைத் தொடாமலே பறந்தன. 1985-இல் ரூட் 66-ஐ நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வியாபாரம் படுத்ததில் பல இடங்கள் பாழாயின. சிலவற்றை இடித்துக் கட்டக் காசில்லை, தப்பித்தன. அதுதான் இன்று பாரம்பரியம்! அந்தப் பொற்காலத்தில் கறுப்பர்களுக்குப் பல மோட்டல்களில் அறையே தரமாட்டார்கள். எங்கே தருவார்கள் என்று சொல்ல விக்டர் கிரீன் 1936 முதல் தனிக் கையேடே போட வேண்டியிருந்தது. கொண்டாடுகிறவர்களின் போட்டோக்களில் இது விழாது.

இருந்தாலும் எனக்கும் ஓர் ஆசை உண்டு. நியூ மெக்சிகோவின் டுக்கும்காரியில் 'ப்ளூ ஸ்வாலோ' என்று ஒரு மோட்டல், 1939-இல் தொடங்கியது. ஒவ்வோர் அறையை ஒட்டியும் காருக்கு ஒரு கொட்டகை. வாசலில் நியான் விளக்கில் நீலக் குருவி. கூடவே '100% குளிரூட்டிய காற்று' என்று எழுத்து. நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்கிறார்கள் என்றால், பக்கத்து மோட்டல்காரன் காற்றில் என்னத்தைக் கலந்து விற்றானோ!