கேள்வி-பதில்: பெயர் சேர்ந்தால் கச்சேரி சேருமா?

கேள்வி: ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். ஜாஸில் ஒருபோதும் சேர்ந்து வாசிக்காத மேதைகளை ஒரே மேடையில் உட்கார வைத்து ஒரு கனவுக் கச்சேரி யோசித்தேன். டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ், ஆல்ட்டோ சாக்ஸஃபோன் சார்லி பார்க்கர், டெனர் ஜான் கோல்ட்ரேன், பியானோ தெலோனியஸ் மங்க், கிட்டார் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். நடுவில் நம்ம டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம், தோடி ராகம். முடிவில் நம்ம ஊர் சிங்காரி மேளமும் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? உங்கள் பட்டியல் என்ன?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: தம்பி, முதலில் உங்கள் பட்டியலில் யாரெல்லாம் சேர்ந்து வாசிக்காதவர்கள் என்று பார்ப்போம். மைல்ஸ் டேவிஸ் 1945-லேயே பார்க்கரோடு ரெக்கார்டிங்கில் உட்கார்ந்தவர், 1947, 48-ல் அவருடைய குழுவிலேயே இருந்தவர். கோல்ட்ரேன் 1955 முதல் 1960 வரை, நடுவில் ஒரு இடைவெளி தவிர, மைல்ஸிடம் வாசித்தார். அந்த இடைவெளியில்தான், 1957-ல், மங்க்கோடு வாசித்தார். அவர்கள் அந்த ஆண்டு கார்னகி ஹாலில் வாசித்த நாடா 2005-ல் கிடைத்து வெளிவந்தும் விட்டது. பார்க்கரும் மங்க்கும் 1950-ல் ஒரே இசைத்தட்டில் இருக்கிறார்கள். எல்வின் ஜோன்ஸ் கோல்ட்ரேனின் சொந்த டிரம்மர். கனவு என்று நீங்கள் எழுதியதில் பாதி, பழைய தட்டுக் கடையில் விலைக்குக் கிடைக்கும். மிச்சம் இருப்பவர்கள் ஹென்ட்ரிக்ஸும் பிள்ளையவர்களும்தான்.

ஹென்ட்ரிக்ஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மைல்ஸ், டோனி வில்லியம்ஸோடு தட்டு போடப்போகிறோம், பேஸ் கிட்டார் வாசிக்க வாருங்கள் என்று 1969 அக்டோபரில் பீட்டில்ஸ் பால் மக்கார்ட்னிக்கே ஹென்ட்ரிக்ஸ் தரப்பிலிருந்து தந்தி போனது. அவர் விடுமுறையில் இருந்தார். அடுத்த செப்டம்பரில் ஹென்ட்ரிக்ஸ் காலமானார். அவ்வளவுதான்.

பெரிய பெயர்களைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ராத்திரிகளைச் சொல்ல வேண்டும். 1953 மே 15, டொரொன்டோ மேஸி ஹால். பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் என ஐந்து பேரும் அவரவர் வாத்தியத்தில் உச்சம். பார்க்கர் கையில் பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். அதே ராத்திரி குத்துச்சண்டைப் போட்டி வேறு இருந்ததால் அரங்கில் ஏகப்பட்ட காலி இருக்கைகள். ஒலிப்பதிவில் மிங்கஸின் பேஸ் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து தன் பகுதியை மறுபடி வாசித்து ஒட்டினார். இன்னொன்று 1954 டிசம்பர் 24. மைல்ஸ், தான் ஊதும்போது பின்னால் பியானோ வேண்டாம் என்று மங்க்கிடம் சொல்லிவிட்டார். மங்க் கை கட்டிக்கொண்டு இருந்த அந்த இடங்கள்தான் அந்தத் தட்டில் மூச்சு விடுகின்றன. ஆகவே கனவு காண்கிறவர் முதலில் எழுத வேண்டியது யார் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதை.

இனி தோடிக்கு வருவோம். பிள்ளையவர்கள் காலமானது 1956 டிசம்பர். அப்போது கோல்ட்ரேன் மைல்ஸ் குழுவில், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் கார்டுகளை (சில சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது) துரத்திக்கொண்டிருந்தார். அந்தத் துரத்தல் 1959-ல் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற உருப்படியில் உச்சிக்குப் போனது. 16 பாருக்குள் 26 கார்டு மாற்றம் (ஒரு பார் என்பது நாலு அட்சரம்). ஆதார சுரமே மூன்று இடத்துக்குத் தாவும். அந்த ரெக்கார்டிங்கிலேயே பியானோக்காரர் தடுமாறுவது தெளிவாகக் கேட்கும். அதற்குள் ஒத்துக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், அவர் பிடிக்கிற ஒரே சுரம் முக்கால்வாசி நேரம் அபசுரம். 1959-லேயே மைல்ஸோடு வாசித்த 'சோ வாட்' சற்று சாதுவானது: முதல் 16 பார் நம் கரகரப்பிரியாவின் சுர வரிசை. ஆனால் அடுத்த 8 பாருக்கு மொத்தமும் அரைச் சுரம் மேலே ஏறிவிட்டு மறுபடி இறங்கும். பாதிக் கீர்த்தனையில் சுருதிப்பெட்டியைத் திருகுவது மாதிரி. இதுவும் ஆகாது.

ஒரே ஆதார சுரத்தில் நின்று வாசிக்கும் கோல்ட்ரேன் வேண்டுமென்றால் 1961 நவம்பருக்குப் போக வேண்டும். நியூயார்க் வில்லேஜ் வான்கார்டில், 'இந்தியா' என்றே பெயர் வைத்த உருப்படி. இரண்டு பேஸ்காரர்கள் தம்புரா மாதிரி அடியில் நிற்க, மேலே சோப்ரானோ சாக்ஸஃபோன். சுர வரிசை ஏறக்குறைய ஹரிகாம்போதி. அந்த வாரம் ஒரு ராத்திரி ஓபோவும் சேர்ந்தது. ஓபோவும் நாகசுரம் போல இரட்டை நாக்கு வாத்தியம்தான்! அதாவது கோல்ட்ரேன் காதில் அந்தச் சத்தம் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அந்த 1961-ல் பிள்ளையவர்கள் இல்லை. அவருடைய சீடர், பக்கத்து ஜில்லாக்காரர், காருகுறிச்சி அருணாசலம் இருந்தார். வயது 40, நல்ல உச்சம். 1964-ல் அவரும் போய்விட்டார். ஆகவே என் பட்டியல்: காருகுறிச்சி, கோல்ட்ரேன், தவில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ், பேஸ் ஜிம்மி காரிசன், ரெஜி வொர்க்மன். ஒத்து ஒன்று. தோடி கிடையாது, ஹரிகாம்போதி அல்லது கமாஸ்.

சுருதிதான் முதல் தகராறு. 'இந்தியா' 5 கட்டையில், அதாவது மேற்கத்தியக் கணக்கில் ஜி-யில் இருக்கிறது. பாரி நாகசுரம் (நீளமானது) 2, 2½ கட்டை; 2½ என்பது ஈ ஃபிளாட். நாகசுரத்தில் கீழே உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் கொஞ்சம்தான் நகர்த்தலாம். சீவாளியால் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) இன்னும் கொஞ்சம். இரண்டு முழுச் சுரம் ஏற்றுவதெல்லாம் நடக்காது. ஆகவே இறங்கி வர வேண்டியவர் கோல்ட்ரேன். அவருக்கு இது சிரமமும் இல்லை: சோப்ரானோ சாக்ஸஃபோனில் எஃப் என்று விரல் வைத்தால் வெளியே கேட்பது 2½ கட்டை ஸட்ஜம். பழகிய, சுகமான விரல்கள். உங்கள் பார்க்கருக்கு இன்னும் லேசு: ஆல்ட்டோவில் வெறும் சி ஸ்கேல் வாசித்தாலே ஸட்ஜம் 2½ கட்டையில் விழும். சிக்கல் பேஸில். அதில் திறந்த தந்திகள் ஈ, ஏ, டி, ஜி. 2½ கட்டைக்கு ஒரு திறந்த தந்தியும் கிடையாது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் ஸட்ஜம் போட்டால் கார்வை (சுரம் நீண்டு ஒலிப்பது) செத்துப் போகும். அதனால் ஒருவர் ஈ தந்தியை அரைச் சுரம் இறக்கி ஸட்ஜமாக்க வேண்டும், இன்னொருவர் ஏ தந்தியை அரைச் சுரம் ஏற்றிப் பஞ்சமமாக்க வேண்டும். வில்லுப் போட்டு இழுத்தால் ஒத்துக்கு அடியில் ஒரு மெத்தை விரித்த மாதிரி இருக்கும்.

கால் மணி நேரத்தில் நாகசுரமும் சாக்ஸஃபோனும் மூச்சுச் சூட்டில் சற்றே ஏறும். ஒத்தும் கூடவே ஏறும். பேஸ்காரர்கள் கவனித்துத் தந்தியைத் திருகிக்கொள்ளலாம். பியானோ ஏறாது. சுசீந்திரம் அலங்கார மண்டபத்து இசைத்தூணுக்கும் பியானோவுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை, உட்கார்ந்த சுருதியில் உட்கார்ந்ததுதான். அதோடு நாகசுரக்காரர் காந்தாரத்தை அசைக்கும்போது பியானோவில் அதே காந்தாரத்தைக் குத்துவதைப் போலக் கொடுமை வேறில்லை. மங்க் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒன்றாக அழுத்தி நடுவில் உள்ள சுரத்தைக் காட்டுவார் என்பது தெரிந்ததுதான். ஆனால் அது ஒரு அடி. கமகம் ஒரு நடை. எனவே என் மேடையில் பியானோவுக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கும். மங்க் கோபித்துக்கொள்வார். அவருக்கு இது புதிதல்ல.

தாளத்தில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜாஸின் 'ஸ்விங்' நடுத்தரக் காலத்தில் திஸ்ரத்தை ஒட்டியது: ஒரு அட்சரத்தை மூன்றாக்கி, முதலாவதையும் மூன்றாவதையும் அடிப்பது. எல்வின் ஜோன்ஸ் நாலு கை கால்களிலும் அந்த மூன்றைப் பிரித்துப் போட்டு உருட்டுகிறவர். இதன்மேல் தவில் சதுஸ்ர நடையில் 'தகதிமி' என்று இறங்கினால், நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேட்கிறவன் கால் சிக்கும். ஆதி தாளம் திஸ்ர நடை என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும்: ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எட்டு அட்சரம், 24 மாத்திரை. வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120 அட்சரம். ரொம்ப வேகமாக ஓட்டினால் ஸ்விங் தானாகவே தட்டையாகி, மூன்றும் இல்லாமல் இரண்டும் இல்லாமல் நிற்கும். இடையில் 12 பார் புளூஸ் ஒன்று வைத்தாலும் பயமில்லை. 48 அட்சரம், சரியாக 6 ஆவர்த்தனம். மிஸ்ர சாப்பு மட்டும் வேண்டாம். 48-ம் ஏழும் சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) சந்திக்க புளூஸ் 7 சுற்று ஆகும், அதற்குள் ஒரு தரப்பு தொலைந்திருக்கும்.

தனி ஆவர்த்தனத்தில் தவில்காரரும் எல்வினும் சேர்ந்து அடிக்கக் கூடாது. ஜாஸில் நாலு பார் நீ, நாலு பார் நான் என்று மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. நாலு பார் என்பது 2 ஆவர்த்தனம். அதை ஒன்றாக்கி, அரையாக்கினால் நம் குறைப்பு. எல்வின் இதைப் பாதி ராத்திரியிலேயே பிடித்துக்கொள்வார். பிடிபடாதது கோர்வை: மூன்று தடவை சொல்லிச் சமத்தில் வைக்கும்போது அவர் கைத்தாளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஆகவே தாளக்காரர் எல்வினுக்கு நேர் எதிரே உட்காரட்டும்.

கோல்ட்ரேனுக்கு ஒரு கட்டுப்பாடு. அவர் ஒரு சோலோவை இருபது நிமிஷம் நீட்டக் கூடியவர். அதுவரை காருகுறிச்சி சும்மா இருந்தால் சீவாளி காய்ந்துபோகும், எடுத்தவுடன் பிசிறும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பதில் வாசிப்பு என்று வைத்தால் சீவாளியும் ஈரமாக இருக்கும், உருப்படியும் பேச்சாக இருக்கும்.

இடம்? வில்லேஜ் வான்கார்ட் ஒரு நிலவறை, நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம். அங்கே நாகசுரமும் தவிலும் என்றால் முதல் வரிசைக்கு ஒரு வாரம் காது கேட்காது. கோயில் பிராகாரமும் சரிப்படாது. கல்லில் பட்டுத் திரும்பும் ஒலியில் பேஸ் கரைந்துவிடும். சுசீந்திரம் தெப்பக்குளக் கரை, மார்கழி ராத்திரி. ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைக்கு நல்லது, மைக்குக்கு அல்ல. பேஸ் இரண்டுக்கும் ஒரு சாண் தூரத்தில் தனித்தனி மைக். நாகசுரத்துக்கு மைக்கே வேண்டாம், அணைசு (அடியில் விரியும் வாய்) மட்டும் பேஸ்காரர்களைப் பார்த்து நீளாமல் இருந்தால் போதும். தவிலின் வலந்தலையை (வலது முகத்தை) குளத்துப் பக்கம் திருப்பி வையுங்கள்.

சிங்காரி மேளம் கேட்டிருந்தீர்கள். பத்துப் பதினைந்து செண்டை ஒன்றாக இறங்கினால் நாகசுரக்காரர் கன்னம் உப்புவதைப் பார்க்கலாம், கேட்க முடியாது. நம்ம ஊர்வலங்களில் வருஷா வருஷம் நடப்பதுதான் இது. கச்சேரி முடிந்து, காருகுறிச்சி நாகசுரத்தை உறையில் போட்டு, கோல்ட்ரேன் வேனில் ஏறிய பிறகு, செண்டைக்காரர்கள் தேரடியிலிருந்து தொடங்கட்டும். எல்வின் மட்டும் வேனில் ஏற மாட்டார் என்று நினைக்கிறேன்.