கட்டிலுக்கு அடியில் ஒரு பை

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 43 வயது. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் தமிழ் படித்தேன். இந்தக் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல்தான் எழுதுகிறேன். என் முகத்தைப் பார்க்கிறவர்கள் அதை நம்புவதில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வடசென்னையில் பல் கட்டும் தொழில் செய்த ஹூபே சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மா ஷில்லாங்கில் பிறந்த ஹக்கா சீனர். அவர் பேசும் சீனம் இவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவருக்குப் புரியாது. கடைசிவரை இருவரும் இந்தியில்தான் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டு சீனமும் வரவில்லை.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 70 வயது. என்னோடும் என் கணவரோடும் (அவர் தமிழர்) 14 வயது மகளோடும் இருக்கிறார்.

சிறு வயதிலிருந்தே அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், தெரியாமல் இருப்பது எப்படி என்பதுதான். உரக்கச் சிரித்தால் "மெதுவாக" என்பார். ஊர் எது என்று யாராவது கேட்டால் "டார்ஜிலிங், நேபாளிகள்" என்று சொல்ல வேண்டும். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புத் தாளை எல்லோரும் வாசல் கதவில் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் அது பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டப்படும். சோற்றைக் குழையக் குழையத்தான் வடிப்பார். கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் அப்படியே குப்பையில் கொட்டிவிடுவார். இதில் என் கணவருக்கும் அவருக்கும் பல வருடப் பனிப்போர்.

ஒரு மாதத்துக்கு முன்னால் மகள், அலைபேசியில் சீன மொழி கற்றுக்கொண்டிருந்தவள், நோட்டை எடுத்துக்கொண்டு போய் "நம் குடும்பப் பெயரை எழுதிக் காட்டுங்கள் பாட்டி" என்று கேட்டாள். அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். நான் பொறுமையை இழந்து, "உங்களைப் போல் ஒரு கோழையை நான் பார்த்ததில்லை" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குப் பரிமாறிவிட்டு, அவர் சமையலறையில் தனியாகச் சாப்பிடுகிறார்.

அடுத்த வாரம் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பை அகப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார் நகல்கள், அம்மாவுக்கும் எனக்கும் மகளுக்கும் இரண்டிரண்டு மாற்றுத் துணி, ஒரு பிஸ்கட் பாக்கெட். 2020இல் சீன எல்லையில் உள்ள கல்வானில் நடந்த மோதலில் வீரர்கள் இறந்தபோது தெருவில் யாரோ எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். அப்போது அம்மா ஒரு பை கட்டி வைத்தது எனக்குத் தெரியும். அதை எப்போதோ பிரித்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். ஆனால் பாக்கெட்டில் இருந்த தயாரிப்புத் தேதி போன மாதத்தது.

பயந்துபோய் டொராண்டோவில் இருக்கும் சித்தியை அழைத்தேன். 1962இல், ஏழு வயதில், அம்மாவைக் குடும்பத்தோடு ராஜஸ்தானில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்களாம். மூன்று வருடத்துக்கு மேல். இத்தனை காலம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரிதாபமாகவும் இருக்கிறது, அதைவிடக் கோபமாகவும் இருக்கிறது. என்னை வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்ல வைத்திருக்கிறார். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் பேச வைக்கலாமா? மகளிடம் சொல்லலாமா?

— பெயர் வேண்டாம், சென்னை


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றிய வரியைத்தான். ஐந்து வருடத்துக்கும் மேலாக ஒரு மூதாட்டி யாருக்கும் தெரியாமல் தேதி பார்த்து பிஸ்கட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். அதுவும் உங்களுக்கும் பேத்திக்கும் சேர்த்து. கோழை என்று நீங்கள் சொன்னவர் இவர்தான்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1962 நவம்பரில், இந்திய-சீன எல்லைப் போரின்போது, அஸ்ஸாம், வங்காளம் முதலிய இடங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த சுமார் 3,000 சீன வம்சாவளியினரை இந்திய அரசு பிடித்து, பல நாள் ரயில் பயணமாக ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு அனுப்பியது. ஷில்லாங் அப்போது அஸ்ஸாமில்தான் இருந்தது. அவர்கள் மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை. குழந்தைகள், கிழவர்கள், இந்தியாவிலேயே பிறந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. 1963இல் பலரை மதராஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் சீனாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் சீனாவைக் கண்ணால் கண்டதே இல்லை. மிஞ்சியவர்கள் வெளியே வந்தபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன. பெரும்பாலோர் அரை நூற்றாண்டு கழித்து, கனடா போன்ற இடங்களில் குடியேறிய பிறகுதான் வெளிப்படையாகப் பேசினார்கள். மன்னிப்பு இன்னும் வரவில்லை.

ஆகவே உங்கள் அம்மா ஒளித்து வைத்தது வெட்கப்பட்டு அல்ல என்று நினைக்கிறேன். ஏழு வயதுக் குழந்தைக்குச் சட்டமும் போரும் புரியாது. நம் பெயரும் முகமும் நம்மைப் பிடித்துக் கொடுக்கும் என்பது மட்டும் புரியும். சீன வீடுகளில் பிள்ளைகளைப் பாராட்ட 'குவாய்' என்ற சொல் உண்டு: சமர்த்து, சொன்னபடி கேட்கிற பிள்ளை. மற்ற வீடுகளில் அது நல்ல குணம். அந்த முகாமில் அது உயிரைக் காக்கும் வித்தையாக இருந்திருக்கும். அவர் தன்னிடம் இருந்ததிலேயே பயனுள்ளது என்று நம்பியதைத்தான் உங்களுக்குக் கொடுத்தார். அந்தக் குடும்பப் பெயரை நோட்டில் எழுதுவது, அவர் கண்ணுக்கு, பேத்தியை ஒரு பட்டியலில் சேர்ப்பது போலத் தெரிந்திருக்கலாம்.

சோறு விஷயம் என் ஊகம்தான். தேவ்லியில் இருந்தவர்கள் அரைவேக்காட்டுச் சோற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பனிப்போர் முடிந்தாலும் முடியலாம்.

இதையெல்லாம் சொல்வதால் உங்கள் கோபம் தவறு என்று ஆகாது. இப்படிப்பட்ட குடும்பங்களில் அடிக்கடி ஒன்று நடக்கிறது. அம்மா பட்டது பெரிய துன்பம், அதனால் என் குறையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று மகள் வாயை மூடிக்கொள்வாள். அதுவும் ஒரு 'குவாய்'தான். ஒரு மொழி உங்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. பள்ளியில் தோழிகளிடம் பொய் ஊர் சொன்னீர்கள். அந்த இழப்பு உங்களுடையது. அதற்காக வருத்தப்பட அம்மாவின் அனுமதி தேவையில்லை, அம்மாவைக் குற்றவாளி ஆக்கவும் தேவையில்லை.

உட்கார வைத்துப் பேச வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்விக்கு மேல் கேள்வி கேட்பது அவருக்கு எதை நினைவூட்டும் என்று யோசியுங்கள். முதலில் 'கோழை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். காரணம் விளக்காமல், "அம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்ற அளவில் போதும். பிறகு உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கோபித்துக்கொண்ட நாளிலும் அவர் உங்களுக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சித்தி மூலம் தெரிந்துகொண்டதை மறைக்காதீர்கள். "சித்தி சொன்னார், எனக்குத் தெரியும்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவர் எழுந்து போனால் போகட்டும்.

பையைத் தொடாதீர்கள். பிஸ்கட் தேதி முடியும் சமயம் நீங்களே ஒரு பாக்கெட் வாங்கி வந்து அவர் கையில் கொடுங்கள். இது பயத்தை வளர்ப்பதாகாதா என்று உங்கள் கணவர் கேட்பார். தனியாகப் பயப்படுவது வேறு, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து பயப்படுவது வேறு. அவர் இரவில் தூங்காமல் அலைந்தாலோ, வாசல் மணி அடித்தால் நடுங்கினாலோ, சாப்பாடு குறைந்தாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த வயதில் 'பழைய பயம்தானே' என்று விடக்கூடாது.

மகளிடம் சொல்லுங்கள், ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டு. அவர் மறுத்தால், நோட்டைக் கிழித்தது அவள் மீது கோபத்தினால் அல்ல என்பதை மட்டுமாவது அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். 14 வயதுப் பெண் அதைத் தன் மேலேயே போட்டுக்கொள்வாள்.

கடைசியாக, அம்மாவின் அந்த ஹக்கா மொழி. அம்மா வேண்டுமென்றே கற்றுத்தரவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடும். பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் இருவர் பேசிக்கொள்ளாத மொழியைக் குழந்தை எங்கிருந்து கேட்கும்? கணவரிடம் இந்தி, தெருவில் தமிழ் என்று அவருக்கும் சென்னையில் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பேச்சுக்கு ஆள் இருந்ததில்லை. சித்தியிடம் சொல்லி வாரம் ஒரு நாள் அழைக்கச் சொல்லுங்கள். நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் டொராண்டோவில் முற்பகல். அலைபேசியை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலையைப் பாருங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால் எழுதட்டும்.