சைலன்சரை மாற்றினால் இழுவை கூடுமா? கோவைப் பட்டறைக்காரரின் பதில்கள்

பல்லடத்துத் தம்பி: அண்ணா, என்னுது 1.2 லிட்டர் பெட்ரோலுங்க. சைலன்சருக்கு 3 இன்ச் பைப் போட்டா பிக்கப் ஏறுமுங்களா?

இறங்கும் தம்பி. சிலிண்டரிலிருந்து புகை ஒரே சீராக வராது, விட்டுவிட்டு வரும். வேகமாக ஓடும் ஒரு புகைத் துடிப்பு தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, அடுத்த சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். பைப் அளவுக்கு மீறிப் பெருத்தால் அந்த வேகம் போய்விடும். வாய்க்காலை அகலமாக வெட்டினால் தண்ணீர் சோம்பிப் போகிற மாதிரிதான். இப்படிப் போட்ட வண்டி ஒன்றை நானே திம்பம் மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். 27 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, வளைவுக்கு வளைவு முதல் கியர் கேட்டது. சத்தம் மட்டும் பண்ணாரி வரைக்கும் கேட்டிருக்கும்!

ஈரோட்டுக்காரர்: டர்போ பெட்ரோல் கார். டவுன்பைப் மாற்றினால்?

இங்கே விஷயம் இருக்கிறது. டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அதிலிருந்து புகை வெளியேறும் முதல் பைப்தான் டவுன்பைப். டர்போவைத் தாண்டி அடைப்பு குறைந்தால் புகை சுழற்றும் சக்கரமான டர்பைன் சீக்கிரம் சுழன்று எழும். ஆனால் எவ்வளவு பூஸ்ட், அதாவது காற்றை எவ்வளவு அழுத்தத்தில் திணிப்பது என்பதை முடிவு செய்வது இசியூ எனும் இஞ்சின் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றாமல், அதாவது ரீமேப் செய்யாமல், பைப்பை மட்டும் மாற்றினால் கொடுத்த காசுக்குப் பலன் கொஞ்சம்தான். ரீமேப் செய்தால் கூடும் இழுவையைக் கிளட்ச் தாங்குமா என்று பாருங்கள். வாரண்டிக்கும் சிக்கல் வரலாம்.

திருப்பூரிலிருந்து: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாமா?

கூடாதுங்க. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைப்பதே அதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுக்கும், இஞ்சின் லைட் எரியும். பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம்.

பொள்ளாச்சி அக்கா: பழைய கார், கொஞ்ச நாளாக மந்தமா இருக்குதுங்க. புது சைலன்சர் போடச் சொல்றாங்க.

அவசரப்படாதீங்க அக்கா. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். ஜாயிண்டில் 'உஸ்ஸ்' என்று கேட்டால், அல்லது அங்கே கரி படிந்திருந்தால், புகை கசியாமல் இணைப்பை அடைக்கும் கேஸ்கட் போயிருக்கிறது. கேஸ்கட் மாற்றினாலே போதும். லீக் இல்லாமல் வேகம் எடுக்கத் திணறினால், கன்வெர்ட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். காலையில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீங்க. பெட்ரோல் எரிந்தால் நீராவியும் வரும்.

கோவைத் தம்பி: செட்டிபாளையம் ட்ராக்கில் ஓட்டுறவங்க ஹெடர் மாட்டுறாங்களே அண்ணா?

ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் கொண்டுவந்து ஒன்றுசேர்க்கும் அமைப்பு. அவர்கள் இஞ்சினைக் கடைசி ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றும் சுற்று) வரை முறுக்கியே ஓட்டுகிறார்கள். அந்த ஹெடரின் பலன் அங்கேதான். நீங்கள் அவினாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறீர்கள். ஆர்பிஎம் முள் 3,000-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்!