பழைய ட்ராயிங்கைத் திரும்ப வாங்கினீர்களா? டாக்குமென்ட் கன்ட்ரோல் கேள்வி பதில்

கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு 17 வருடமாக டாக்குமென்ட் கன்ட்ரோலராக வேலை பார்க்கிறேன். ட்ராயிங்கையும் கடிதத்தையும் பதிவு செய்து, சரியானது சரியான ஆளிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலை. கெமிக்கல் ப்ளான்ட், குடிநீர் வேலை, புதுச்சேரியில் அடுக்குமாடி என்று பல சைட்டுகளின் ட்ராயிங்கும் கடிதமும் என் மேசை வழியாகத்தான் போயிருக்கின்றன. இந்த வேலைக்கான சாஃப்ட்வேர் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் ஏழுக்கு இங்கே பதில்.

"அக்கா, வில்லியனூரில் 3 வீடும் லாஸ்பேட்டையில் ஓர் அப்பார்ட்மென்ட்டும் கட்டுகிறேன். ட்ராயிங் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போகிறது. எனக்கும் சாஃப்ட்வேர் வேண்டுமா?"

காசு கொடுத்து வாங்க வேண்டாம் தம்பி. ஆனால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். குரூப்பில் ஒருமுறை போட்ட ட்ராயிங் பத்து பேர் போனில் போய் உட்கார்ந்துவிடுகிறது. போன மாதம் போட்டதும் நேற்று போட்டதும் கேலரியில் ஒரே மாதிரிதான் தெரியும். மேஸ்திரி எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, கம்பி விட்டம் 8-ஆ 6-ஆ என்று தெரியாமலும் போகும்.

கூகுள் டிரைவே உங்களுக்குப் போதும். 'நடப்பு' என்று ஒரு ஃபோல்டர், 'ரத்து' என்று ஒரு ஃபோல்டர். திருத்தும் உரிமை ஒரே ஆளிடம், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும். குரூப்பில் ஃபைலை அனுப்பாமல் லிங்க்கை அனுப்புங்கள். ட்ராயிங் மாறினால் புது ஃபைல் ஏற்றாமல், அதே ஃபைலில் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகப் புதியதை ஏற்றினால் லிங்க் மாறாது. மேஸ்திரி எப்போது தட்டினாலும் புதியதுதான் திறக்கும். ஆனால் பழைய வெர்ஷனை டிரைவ் 30 நாளில் அழித்துவிடலாம். அதனால் ஏற்றுவதற்கு முன் பழையதன் நகலை 'ரத்து' ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பின்னால் பில் தகராறு வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

"சிப்காட் பக்கம் ஒரு ப்ராஜெக்டில் சைட் இன்ஜினீயர். எங்களிடம் பெரிய சாஃப்ட்வேர் இருக்கிறது. அப்படியும் பழைய ட்ராயிங்கில் வேலை நடந்துவிடுகிறது. சாஃப்ட்வேர் சரியில்லையா?"

இது நானே பட்ட அனுபவம், விரிவாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ப்ளான்ட்டில் பம்ப் ஃபவுண்டேஷன் வேலை. ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். காலையில் மெக்கானிக்கல் ஆட்கள் பம்ப்பின் துளைகள் எங்கே வரும் என்று காட்டும் டெம்ப்ளேட்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டில் உட்காரவில்லை. 50 மில்லிமீட்டர் வித்தியாசம். ஃபோர்மேன் சட்டைப்பையிலிருந்து ட்ராயிங்கை எடுத்து விரித்தார். நாலாக மடித்த ஏ3 தாள், மடிப்பில் மை போயிருந்தது, சிமென்ட் விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறம். மூலையில் ரிவிஷன் 1, அதாவது திருத்த எண் 1, என்று இருந்தது. பம்ப் கம்பெனி உறுதி செய்த அளவு வந்த பிறகு போட்ட ரிவிஷன் 2 ஒன்பது நாளுக்கு முன்பே வெளியாகியிருந்தது.

ஆபீசுக்கு ஓடிவந்து சாஃப்ட்வேரைத் திறந்தேன். டிரான்ஸ்மிட்டல் (எந்த ட்ராயிங்கை யாருக்கு அனுப்பினோம் என்ற சீட்டு) போயிருக்கிறது, சைட் இன்ஜினீயர் திறந்து பார்த்திருக்கிறார், தேதி, நேரம் எல்லாம் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. திரையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சட்டைப்பையில் இருந்த தாளை யாரும் திரும்ப வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டியது நான். கோர் கட்டிங் போட்டு (கான்கிரீட்டைத் துளைத்து), போல்ட்டை எபாக்சி வைத்து மறுபடி நிறுத்த நாலு நாள் ஆனது.

புதிய ட்ராயிங்கைக் கொடுப்பது பாதி வேலைதான். பழையதைத் திரும்ப வாங்குவது மீதி. சாஃப்ட்வேர் முதல் பாதியை அருமையாகச் செய்யும், இரண்டாவது பாதியை ஆள்தான் செய்ய வேண்டும். அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது: சைட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிரிண்டிலும் சிவப்பு மையில் 'கன்ட்ரோல்டு காப்பி' முத்திரை, அதில் நகல் எண், வாங்கியவர் கையெழுத்து. ரிவிஷன் மாறினால் பழைய தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் புதியது. "தொலைந்துவிட்டது" என்றால் அதையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவேன். முத்திரை இல்லாத தாளில் வேலை செய்யக் கூடாது என்று கான்கிரீட் போடுவதற்கு முந்தைய செக்லிஸ்ட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இப்போது பல சாஃப்ட்வேரில் பிரிண்ட்டிலேயே கியூ.ஆர். கோட் வருகிறது. போனில் ஸ்கேன் செய்தால் இது நடப்பு ரிவிஷனா இல்லையா என்று காட்டும். இருந்தால் கட்டாயம் போடுங்கள். ஃபோர்மேன்கள் இரண்டே நாளில் பழகிக்கொள்கிறார்கள்.

"ரிவிஷன் ஏ, பி, சி என்று போய்த் திடீரென்று 0, 1, 2 ஆகிறதே, ஏன்?"

பல கம்பெனிகளில் உள்ள வழக்கம் இது. எழுத்து இருந்தால் இன்னும் பார்வைக்கோ ஒப்புதலுக்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண் வந்தால் கட்டுவதற்கு வெளியிட்டாயிற்று. நம் ஊரில் ஜி.எஃப்.சி. (குட் ஃபார் கன்ஸ்ட்ரக்ஷன்) என்கிறோம், வெளிநாட்டுக் கன்சல்டன்ட் ஐ.எஃப்.சி. (இஷ்யூடு ஃபார் கன்ஸ்ட்ரக்ஷன்) என்பார். (பிம் என்ற முப்பரிமாணக் கட்டட மாடல் ஃபைலுக்கும் ஐ.எஃப்.சி. என்று ஒரு வடிவம் உண்டு, அது வேறு. மின்னஞ்சலில் இரண்டையும் குழப்பி ஒரு வாரம் வீணானதைப் பார்த்திருக்கிறேன்.) உங்கள் ப்ராஜெக்டில் எந்த முறை என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

"அகோனெக்ஸ், ப்ராஜெக்ட்வைஸ், ஆட்டோடெஸ்க், ப்ரோகோர்... எதை வாங்குவது? எங்களுடையது கடலூரில் உள்ள நடுத்தரக் கான்ட்ராக்டர் கம்பெனி."

பெரிய ப்ராஜெக்ட்டில் நீங்கள் வாங்கவே தேவையிருக்காது சார். வேலையைக் கொடுக்கும் முதலாளி கம்பெனி எதை வைத்திருக்கிறதோ அதில்தான் உங்களையும் சேர்ப்பார்கள். அகோனெக்ஸ் மெல்போர்னில் 2000-த்தில் தொடங்கியது, 2018-ல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. அதன் பலம், பல கம்பெனிகள் ஒரே இடத்தில் வேலை செய்தாலும் அவரவர் பதிவு அவரவருக்கு, அனுப்பியதை யாரும் பின்னால் போய் அழிக்க முடியாது. பென்ட்லியின் ப்ராஜெக்ட்வைஸ், ஒன்றோடொன்று கோத்த கேட் (கம்ப்யூட்டரில் வரைந்த ட்ராயிங்) ஃபைல்கள் நிறைய உள்ள டிசைன் ஆபீசுக்கு நல்லது. ரெவிட் என்ற பிம் சாஃப்ட்வேரில் வேலை செய்பவர்களுக்கு ஆட்டோடெஸ்க் கைக்கு அடங்கும். ப்ரோகோர் கான்ட்ராக்டர் பக்கம் நின்று யோசித்துச் செய்தது.

நீங்களாக வாங்குவதென்றால், விற்க வருபவர் காட்டும் டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ப்ராஜெக்டின் ஒரு மாத ட்ராயிங்கைக் கொடுத்து, அதே மேசையில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: ப்ராஜெக்ட் முடிந்து சந்தாவை நிறுத்தினால், ஃபைலோடு சேர்த்து யார் எப்போது அனுப்பினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்ற வரலாறும் என் கைக்கு வருமா? பி.டி.எஃப். மட்டும் வரும், வரலாறு வராது என்றால் நான் வாங்க மாட்டேன்.

"கன்சல்டன்ட் 'கோட் 2' போட்டுத் திருப்பியிருக்கிறார். வேலையைத் தொடங்கலாமா?"

பெரும்பாலும் 1 என்றால் ஒப்புதல், 2 என்றால் குறிப்புகளோடு ஒப்புதல், 3 என்றால் திருத்தி மறுபடி அனுப்பு. ஆனால் இதில் எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது, உங்கள் கான்ட்ராக்ட்டில் 2-க்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தொடங்கலாம் என்றிருந்தாலும், குறிப்புகளைச் சேர்த்த ட்ராயிங் சைட்டுக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

"மழைக்காலத்தில் சைட்டில் நெட்டும் இருக்காது, கரண்டும் இருக்காது. எல்லாம் கிளவுடில் இருந்தால் என்ன செய்வது?"

நம் கடற்கரையில் இது நியாயமான கவலை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது நான் இருந்த சைட் ஆபீசின் கூரையே போய்விட்டது. ரேக்கில் இருந்த ட்ராயிங் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது, பிரதி வேறு எங்கும் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அதே போலத் தாள்கள் நனைந்தன, ஆனால் கரண்ட் வந்ததும் மறுபடி பிரிண்ட் எடுத்தோம். கிளவுடு நமக்கு எதிரி இல்லை. ஆஃப்லைனில் திறக்கும் ஆப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன் டேப்லெட்டில் நடப்பு ட்ராயிங்கை இறக்கி சார்ஜ் போட்டு வையுங்கள். நெட் திரும்பியதும் முதல் வேலை சின்க் (டேப்லெட்டில் புதியதை இறக்கிச் சரிசெய்வது), அதற்கு முன் கம்பி கட்ட விடாதீர்கள்.

"பாகூரிலிருந்து எழுதுகிறேன் அக்கா. பி.காம். படித்திருக்கிறேன். சிவில் படிக்காமல் இந்த வேலைக்கு வர முடியுமா?"

தாராளமாக வரலாம் தங்கச்சி. எனக்குத் தெரிந்த நல்ல டாக்குமென்ட் கன்ட்ரோலர்களில் பாதிப் பேர் இன்ஜினீயர் இல்லை. எக்செல் தெரிந்தால் சாஃப்ட்வேர் தானாக வரும். முதலில் ட்ராயிங்கைப் படிக்கப் பழகுங்கள். ஒரு பிரிண்ட்டைக் கேட்டு வாங்கி வலது பக்கக் கீழ் மூலையில் விரலை வையுங்கள். டைட்டில் பிளாக் அங்கே இருக்கும்: ட்ராயிங் எண், தலைப்பு, ரிவிஷன், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். அப்புறம் ட்ராயிங்குக்குள் மேகம் போல வளைத்து வளைத்துக் கோடு போட்ட இடங்களைத் தேடுங்கள். பக்கத்தில் சின்ன முக்கோணத்துக்குள் ரிவிஷன் எண் இருக்கும். போன முறையிலிருந்து எது மாறியது என்று அந்த மேகம்தான் சொல்லும். மேகம் போட்டிருந்து டைட்டில் பிளாக்கில் எண் மாறவில்லை என்றால் அந்த ட்ராயிங்கை உள்ளே எடுக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். இப்படி ஒரு 20 ட்ராயிங் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், டிரான்ஸ்மிட்டல் போடுவது எப்படி என்று அடுத்ததாகச் சொல்லித் தருகிறேன்.