பல் சுத்தம் செய்தபோது ரத்தம் வந்தது, எச்ஐவி பயம் – பதில்

தம்பி, களியக்காவிளையிலிருந்து பாறசாலை போய்ப் பல் சுத்தம் செய்தபோது ரத்தம் வந்தது, மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்கிறீர்கள். ஈறு வீங்கியிருந்தால் ரத்தம் வரத்தான் செய்யும். அது தொற்றின் அடையாளம் இல்லை. கருவிகளை ஆட்டோகிளேவ் என்கிற, நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் முறையாக வைத்தால் எச்ஐவியும் சரி, மஞ்சள்காமாலை வைரஸும் சரி, தப்பாது. அடுத்த முறை கருவி உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். சூடு பட்டதைக் காட்டும் குறி அதில் நிறம் மாறியிருக்கும். நான் மார்த்தாண்டத்தில் கேட்டபோது டாக்டர் முகம் சுளித்தார், ஆனாலும் காட்டினார்!

மஞ்சள்காமாலை வைரஸுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடவில்லையென்றால் போட்டுவிடுங்கள்: 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை. அப்புறமும் மனம் கேட்கவில்லையா? பல் சுத்தம் செய்து மூன்று மாதம் முடிந்ததும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஒரு எச்ஐவி பரிசோதனை, இலவசம்தான். ஒன்று போதும், வாராவாரம் வேண்டாம்.