பச்சிளங்குழந்தைக்கு ரத்தக்கட்டு ஏன் எளிதில் கரைவதில்லை?

புதுச்சேரியில் எட்டாம் மாதமே பிறந்த அக்கா குழந்தைக்குத் தொப்புள் வழியாக ட்யூப் போட்டிருப்பதாகவும், ரத்தக்கட்டு வரலாம் என்று டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடலூரில் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற நார்கள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். அந்த வலையை அறுப்பது பிளாஸ்மின். அது பிளாஸ்மினோஜென் என்ற புரதத்திலிருந்து உருவாகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கே இந்தப் புரதம் பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். குறைமாதம் என்றால் இன்னும் குறைவு. இருப்பதும் மெதுவாகத்தான் பிளாஸ்மினாக மாறும்.

ஆனாலும் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களிலும் பல அதற்குக் குறைவு என்பதால் தராசு சமமாக நிற்கும். கிருமித்தொற்றோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் அது சாய்ந்துவிடும். ரத்தக்குழாய்க்குள் ட்யூபும் இருந்தால் அதைச் சுற்றிக் கட்டு சேரலாம். பச்சிளங்குழந்தைகளின் ரத்தக்கட்டுக்கு முக்கியக் காரணமே இந்த ட்யூப்தான். அதனால்தான் தேவை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

துணி மாற்றும்போதெல்லாம் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துப் பார்ப்பேன். ஒன்று மட்டும் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ சில்லிட்டோ இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். அக்காவையும் அப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்.